பெரியப்பா எப்போது நிறுத்துவார்?

வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய நேரத்தில் நான் ஒரு நாளும் வாயை மூடியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

அப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சில ப்ரோகிராம்கள் வேலையை முடித்துவிட்டு நிற்கும். சில, அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து வேலையையே முடக்கிவிடும். எந்த ப்ரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ப்ரோகிராம் ஒன்றை எழுதப்போகிறேன் என்று மேனேஜர் முதல் கேன்டீன் வரை பீற்றிக்கொண்டிருந்தேன். (இருபத்தாறு வயதுத் திமிர், வேறென்ன?)

மாப்பிள்ளை பிரபு பெங்களூரில் கல்லூரி ஆசிரியர், கம்ப்யூட்டர் பாடம். மாநில எல்லையில் ஜூஜுவாடி டிராபிக்கில் மாட்டி, வந்து சேரும்போதே மணி மூன்றே முக்கால். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் அவருடைய பெரியப்பா வாயிலிருந்து 'சம்மதம்' என்ற சொல் வந்தாக வேண்டும். அவர்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கோ பிரபுவை போட்டோவில் பார்த்தபோதே பிடித்துப்போயிருந்தது.

பெரியப்பாவுக்கு நாகரசம்பட்டியில் மாந்தோப்பு. உட்கார்ந்ததும் மாம்பூவில் ஆரம்பித்தார். எங்கள் இருவரையும் பேசிக்கொள்ளட்டும் என்று ஹாலின் ஓரத்தில் விட்டார்கள். நான் உடனே என் ப்ரோகிராம் பெருமையை அவிழ்த்துவிட்டேன்.

"அது முடியாதுங்க," என்றார் பிரபு மெதுவாக. "எப்பவோ நிரூபிச்சுட்டாங்க."

"நான் இன்னும் எழுதவே இல்ல, அதுக்குள்ள முடியாதுன்னா?"

"உங்க பதிலைக் கேட்டுட்டு, அதுக்கு நேர்மாறா நடக்கிற ப்ரோகிராம் ஒண்ணு வந்தா? நிக்கும்னீங்கன்னா ஓடும். ஓடும்னீங்கன்னா நின்னுடும். அதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"அப்படி எடக்குப் பிடிச்சது உலகத்துல எங்கங்க இருக்கு?"

அவர் கண்ணாலேயே பெரியப்பாவைக் காட்டினார். மணி நாலு பத்து. பேச்சு அப்போதுதான் மல்கோவாவுக்கு வந்திருந்தது. அம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, அஞ்சு நிமிஷத்துல நிறுத்திடுவாரு," என்று கிசுகிசுத்தேன். (இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பழகிய கிசுகிசுப்பு.) ஹால் முழுக்கக் கேட்டது.

பெரியப்பா திரும்பினார். "யாரும்மா நிறுத்தப்போறது? இன்னும் பங்கனப்பள்ளி இருக்குது, செந்தூரா இருக்குது!" என்று புது வேகத்தில் தொடர்ந்தார்.

நாலு இருபது. எனக்கு வெறுத்தே போயிற்று. "சரி, நீங்களே ஜெயிச்சீங்க. இவரு நிறுத்தவே மாட்டாரு!"

அதுவும் கேட்டுவிட்டது.

"நிறுத்த மாட்டேனா? இந்தா, நிறுத்திட்டேன்!" என்றவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அப்பா தாம்பூலத் தட்டை நீட்டினார், கெஞ்சினார். ம்ஹூம், ஒரு சொல் வரவில்லை. நாலு இருபத்தேழு. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிடித்த மாப்பிள்ளையை என் வாயாலேயே விரட்டிவிட்டேனே!

பிரபு என் பக்கம் குனிந்தார். "சம்மதம்னு சொல்லவே மாட்டாருன்னு சொல்லுங்க. சத்தமா."

சொன்னேன். அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

"யாரு சொன்னது?" பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். "சம்மதம்! நூறு தடவை சம்மதம்! கொடுங்க தட்டை!"

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், அப்படி ஒரு ப்ரோகிராம் எழுத முடியாது என்று ஒப்புக்கொண்டேன். "அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடினா ஆஃப் பண்ற மாதிரி எழுதிக் குடு, போதும்," என்றார். இயந்திரத்துக்கு அது போதும். பெரியப்பாவுக்கு அந்த ஸ்விட்ச் கிடையாது.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தால், பிரபு எங்கள் மகளைப் பார்த்துக் கேட்பார்: "அம்மா நிறுத்துவாங்களா?"

"நிறுத்தவே மாட்டாங்க!" என்பாள் அவள்.

அந்த நொடியே நிறுத்திவிடுவேன். பின்னே, அவள் சொன்னபடியா நான் நடப்பேன்?