குழாய்க்கும் மூச்சு வேணும் சார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூச்சுக்குக் கிடைத்த மரியாதை எந்தக் கம்பெனி முதலாளிக்கும் கிடைத்ததில்லை. முதலாளி வந்தால் எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். மூச்சு வந்தால் டி.வி.யையே அணைத்துவிடுவார்கள்.

மூச்சு ஒரு பிளம்பர். கவரைப்பேட்டைக்காரர். இயற்பெயர் எனக்குத் தெரியாது. என் மனைவியின் செல்போனிலும் ‘மூச்சு அண்ணா’ என்றுதான் இருக்கிறது. என் நம்பரை அவள் சேமிக்கவே இல்லை. கேட்டால், “அதான் மனப்பாடமா தெரியுமே” என்கிறாள்.

நான் அப்போது ஓர் இரும்பு ஆலையின் குடியிருப்புக்கு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மூன்று மாடிக் கட்டடம், பன்னிரண்டு வீடுகள். அதில் ஒன்றில்தான் நாங்களும் இருந்தோம். சிவில் டிப்ளமோ வாங்கியவன் நான். சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தேன். மூச்சு எட்டாவதோடு நின்றவர். ஆனால் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால், பன்னிரண்டு வீட்டிலும் என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

எந்தப் புகாரைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லையா? “உள்ள காத்து மாட்டிக்கினுகீது, வெளிய உடணும்.” பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லையா? “வெளிய காத்து நிக்கிது, உள்ள உடணும். குழாய்க்கும் மூச்சு வேணும் சார்.” பெயர் வந்தது இப்படித்தான்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவார். ஸ்பேனரின் பிடியால் சுவரை ரெண்டு தட்டுத் தட்டி, காதைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடி, இடது கையை உயர்த்துவார். உடனே வீட்டில் எல்லாம் நிற்கும். மிக்ஸி நிற்கும். ஃபேன் நிற்கும். ஒரு தடவை என் மனைவி விசில் வரப்போகிறதென்று குக்கரையே அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். நான் ஜெனரல் மேனேஜரோடு போனில் பேசும்போது அதே சமையலறையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

வேலை செய்துகொண்டே சரித்திரம் சொல்வார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

“அந்தக் காலம் அந்தக் காலம்னு பீத்திக்கிறாங்களே அக்கா, அந்தக் காலத்துல இன்னா இருந்திச்சு? இரும்பு பைப்பு. வெட்டி, மரை போட்டு, சணல சுத்தி, வெள்ள பெயிண்ட் தடவி முறுக்கணும். கொஞ்ச வருஷத்துல துரு ஏறி டீ கலர்ல தண்ணி வரும். அப்பால பி.வி.சி. வந்திச்சு. வெந்நீர் உட்டா வளைஞ்சி பூடும். இப்ப சி.பி.வி.சி. வந்துகீது. பசைய தடவி சொருவுனா சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டும் ஓடும்.”

“கக்கூஸு?” என்பார் ஒரு பெண், கதை கேட்கிற ஆவலில்.

“அது பெரிய கதைக்கா. நம்ம நாட்டுல மொதல்ல கொல்லையில இருந்திச்சு. அப்பால ஊட்டு ஓரமா வந்திச்சு. இப்ப படுக்குற ரூமுக்குள்ளயே வந்து குந்திகினுகீது. அதுக்கு தைரியம் குடுத்தது எது? இதோ கீழ வளைஞ்சிகினுகீதே, இந்த பைப்புதான். இதுல எப்பவும் நாலு வெரலு தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தம் அத்த தாண்டி வராது.”

என் அப்பா திருவள்ளூர் கோயில் மண்டபத்தில் பல வருஷம் உபன்யாசம் செய்தவர். அவருக்குக்கூட இவ்வளவு அமைதியான கூட்டம் சேர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வளைவைப் பற்றி நானும் டிப்ளமோவில் படித்திருக்கிறேன். ஒருநாள் அதே பெண்களிடம் படம் வரைந்து விளக்க ஆரம்பித்தேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடுப்பில் பால் ஞாபகம் வந்துவிட்டது.

காப்பி விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு வரும் காப்பி இரண்டாம் டிகாக்‌ஷன். அவருக்கு முதல் டிகாக்‌ஷன். “அவர் நாஷ்டா சாப்பிட்டாரோ என்னவோ” என்பாள் மனைவி. நான் சாப்பிட்டேனா என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால் கேட்கமாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கட்டடத்தில் நாற்றம் கிளம்பியது. மாடியில் யாராவது ஃப்ளஷ் செய்தால் கீழ்வீட்டுப் பாத்ரூம் ‘களக் களக்’ என்று விக்கும், பிறகு நாறும். வெள்ளிக்கிழமை முதலாளி குடும்பத்தோடு குடியிருப்பைப் பார்க்க வருகிறார். “அதுக்குள்ள சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்” என்று மேனேஜர் என்னிடம் நேராகவே சொன்னார்.

மூச்சைக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஃபினாயில் ஊற்றினேன். ஆசிட் ஊற்றினேன். சென்னையிலிருந்து மெஷினோடு ஆட்களை வரவழைத்தேன். அவர்கள் குழாயைக் குடைந்து, அடைப்பே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை காலை என் மனைவி என்னைக் கேட்காமலே போன் செய்துவிட்டாள்.

மூச்சு வந்தார். பன்னிரண்டு வீட்டிலும் ஃப்ளஷ் பக்கத்தில் ஓர் ஆளை நிற்கவைத்தார். முற்றத்தில் நின்று விசில் ஊதினால் எல்லோரும் ஒன்றாக அழுத்தவேண்டும். நான் மாதாந்திரக் கூட்டம் போட்டால் மூன்று பேர் வருவார்கள், அதில் ஒருவர் வழி தவறி வந்தவர். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துபோய் நின்றார்கள். இரண்டாம் மாடி ஸ்டோர்ஸ் கிளார்க் அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்திவிட்டார். “இன்னா சார், உன்னால எல்லாருக்கும் பேஜாரு” என்று மூச்சு கீழேயிருந்து சொல்ல, அந்த மனிதர் ஜன்னல் வழியாக மன்னிப்புக் கேட்டார்.

மறுபடி விசில். கட்டடம் முழுக்க இரைந்தது. கீழ்வீட்டு வளைவில் நின்ற தண்ணீரை, மேலேயிருந்து விழுந்த தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. மூச்சு அதைப் பார்த்தார், நேராக மொட்டைமாடி ஏறினார். நானும் பின்னால் போனேன்.

கழிவுக்குழாய்களுக்குள் காற்று போய்வர, மாடியில் காற்றுக்குழாய் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாய் சிமெண்ட் பூசி மூடப்பட்டிருந்தது.

“யாரு சார் இத்த மூடுனது?”

நான்தான். பெயிண்ட் அடித்தபோது மொட்டையாக, அசிங்கமாக இருக்கிறதென்று மேஸ்திரியிடம் மூடச் சொன்னது நான்தான். வெயில் தலையில் அடித்தது. என் முகமே சொல்லியிருக்கும். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. சுத்தியலால் நாலு போடு போட்டார். சிமெண்ட் பெயர்ந்து, குழாய் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

கீழே எல்லோரும் காத்திருந்தார்கள். மூச்சு தொண்டையைச் செருமினார்.

“அணிலு கூடு கட்டிகினு இருந்திச்சு. சார்தான் கண்டுபுடிச்சாரு.”

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் முதன்முறையாக என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் கைகொடுத்தார். கீழ்வீட்டு அம்மா எனக்கு அல்வா கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார், நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, “காத்து நல்லாருக்கே” என்றார். வேலை பிழைத்தது. எனக்கு அல்வா இறங்கவில்லை. குழாய் வேலையில் என்னை ஜெயித்தது போதாதென்று, பெருந்தன்மையிலும் ஜெயித்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

மனைவி மட்டும் கேட்டாள்: “ஏங்க, அணில் எப்ப சிமெண்ட் பூசக் கத்துக்கிச்சு? அவர் கையெல்லாம் சிமெண்ட் தூளா இருந்திச்சே.”

தாங்காமல் மறுநாள் மாலை கவரைப்பேட்டையில் அவரைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

“நான் வந்துட்டு பூடறவன். அங்கியே இருக்கப்போறது நீ. ஜனங்க உன் பேச்ச கேக்கணும்ல?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “அணிலு ஒண்ணும் கேஸ் போடாது சார்.”

அதற்கப்புறமும் நான் பொறாமையை விட்டுவிடவில்லை. ஓய்வுபெற்றுத் திருவள்ளூரில் சொந்த வீடு கட்டியபோது, வரைபடத்தை எடுத்துக்கொண்டு பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போய் அவரிடம்தான் காட்டினேன். பென்சிலால் இரண்டே கோடு போட்டார். இரண்டும் நான் வரைய மறந்த காற்றுக்குழாய்கள். வழியெல்லாம் எரிச்சலோடுதான் திரும்பினேன்.

புதுமனை புகுவிழா அன்று நல்லநேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. புரோகிதர் முறைத்தார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். “யாருக்காகக் காத்திருக்கோம்?” என்று என் மைத்துனன் கேட்டான். நான் வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மூச்சின் தலை தெரிந்த பிறகுதான், அடுப்பில் பாலை வைக்கச் சொன்னேன்.