பாட்டுக்கு முன்னால் ஒரு வார்த்தை

உலகத்தில் பாடத் தெரிந்தவர்கள், பாடத் தெரியாதவர்கள் என்று இரண்டே ரகம்தான் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்து நாட்டுப்பாடல் மன்றம் எதிலும் கால் வைத்ததில்லை. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. "பாடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை" என்று எழுந்து நிற்கும் ரகம். முன்னுரைக்காரர் என்று இவரைச் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை மட்டும் ஒரு வார்த்தையாக இருந்ததே கிடையாது.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். செவ்வாய்க்கிழமை மாலை, பப்பின் மாடி அறை, யார் வேண்டுமானாலும் பாடலாம். பெயரைக் கூப்பிட்டதும் "நானா?" என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். பிறகு பியர் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, கால்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, அந்த ஊர்ப் பாடகர்களின் வழக்கப்படி ஒரு விரலைக் காதுக்குக் கொண்டுபோவார். பாடத்தான் போகிறார் என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். ஏமாந்தீர்கள். விரல் பாதி வழியில் நின்றுவிடும். இந்தப் பாட்டை முதலில் யார் பாடினார், கேட்டவர் எந்த அடியை மறந்தார், மறந்ததை எந்தப் பாதிரியார் தப்பாக எழுதிவைத்தார், பாட்டில் வரும் ஆறு நிஜத்தில் எந்த ஆறு, அதைப் பார்க்கத் தான் போனபோது வண்டியை நிறுத்த இடமில்லாமல் எத்தனை சுற்று சுற்றினார் என்று ஆரம்பித்து, அன்று சாப்பிட்ட மீன் வறுவல் ஆறிப்போயிருந்தது வரை பேச்சு வந்து சேரும். பாட்டில் வரும் பெண் நாலே அடியில் ஆற்றில் விழுந்து செத்துப்போகிறாள். முன்னுரையில் அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் விமோசனம் கிடையாது.

'மூன்று வாத்துகள்' பப்பில் இந்த ரகத்துக்கு ஹொரேஸ் ஓல்ட்ராய்ட் என்று பெயர். நகராட்சியில் சாக்கடை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மேவிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். ஹொரேஸுக்குப் பேச்சில் ஆசை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவருக்குப் பயம். மூன்றாவது கண்ணியில் ஓர் உச்ச இடம் வருகிறது; அங்கே குரல் உடைந்துவிடும் என்று பயம். பேசிக்கொண்டிருக்கும் வரை குரல் உடையாது அல்லவா? பாவம், வாரம் முழுக்க அவர் காத்திருப்பதே இந்த ஒரு பாட்டுக்காகத்தான்.

அன்று படிக்கட்டிலேயே அவரை மடக்கினாள் மன்றச் செயலாளர் கிளெனிஸ்.

"ஹொரேஸ், கண்ணு, கமிட்டியில பேசி முடிச்சாச்சு. இன்னிக்கு நீ வாயைத் திறந்தா பாட்டுதான் வரணும்."

"ஒரே ஒரு வார்த்தை, கிளெனிஸ். அந்த ஆத்தைப் பத்தி மட்டும்..."

"அந்த ஆத்துல நாங்க எல்லாரும் ஏற்கெனவே முங்கியாச்சு. இன்னிக்கும் பேசினேன்னு வை, அடுத்த வாரத்துலேர்ந்து நீ கீழ வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழி. மேல பாட்டு கெடையாது."

ஹொரேஸ் தலையாட்டினார்.

இந்த மன்றத்தாரின் வியாதி ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எதுவானாலும் இரண்டாம் முறை காதில் விழுந்தால் போதும், அவர்களுக்கு அது பல்லவி. சேர்ந்துகொள்வார்கள். கழிப்பறைக் கதவு ஒட்டிக்கொள்ளும் என்று கிளெனிஸ் வாராவாரம் அறிவிப்பாள், "தூக்கி இழுக்கணும்!" என்று அறையே மேல்சுருதி கீழ்சுருதி பிரித்துப் பாடும். யாரும் சிரிக்கமாட்டார்கள். அது இசை.

ஹொரேஸின் முறை வந்தது. "ஆத்தங்கரை ஆக்னஸ்" என்று பாட்டின் பெயரை மட்டும் சொன்னார். விரல் இந்தத் தடவை நேரே காதுக்குப் போனது. வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

இத்தனை வருஷமாக முன்னுரையின் கடைசி வாக்கியத்தில் ஏறித்தான் பாட்டின் முதல் அடிக்கு இறங்கியிருக்கிறார். இன்று ஏற இடமில்லை. காது சிவந்தது. யாரோ கொறித்துக்கொண்டிருந்த சிப்ஸ்கூட நின்றுபோனது. கீழே வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்குப் போட்டிருக்கும் மடக்கு நாற்காலி அவர் கண்முன் வந்து நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

அப்போதுதான் மூலையிலிருந்து கசாப்புக்கடைக்காரர் செத் என்பவரின் கனத்த குரல் மெதுவாக எழுந்தது.

"இதை நான் மொதமொதல்ல கேட்டது விட்பிங்கற ஊர்ல..."

முன்வரிசைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "அன்னிக்கு மழைன்னா மழை, அப்படி ஒரு மழை!"

"வண்டிய நிறுத்த எடமில்ல," என்றது இடதுபக்கம்.

"எடமேயில்ல!" என்றது வலதுபக்கம், ஒரு சுருதி மேலே.

பாதிரியார் வந்தார், அவருடைய தப்பு வந்தது, ஆறிப்போன மீன் வந்தது. ஹொரேஸ் வழக்கமாக இருமும் இடத்தில் அறை முழுவதும் சேர்ந்து இருமியது. முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கால்களால் தரையை உதைத்தார்கள். கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ ஒரு வார்த்தை பேசல ஹொரேஸ், பேசினதெல்லாம் நாங்கதான்! அடுத்த வாரமும் நீ பாடுற! இப்ப இடைவேளை!" என்று அறிவித்தாள். எல்லோரும் பியர் வாங்கக் கீழே ஓடினார்கள்.

பாட்டு? அதை யார் கேட்டார்கள்?

காலி அறையில், விரல் காதிலேயே இருக்க, ஹொரேஸ் நின்றுகொண்டிருந்தார். கடைசி வரிசையில் மேவிஸ்.

"நீ இன்னும் பாடவே இல்லியேப்பா."

"யாருக்கும் ஞாபகமில்ல, மேவிஸ்."

"எனக்கு இருக்கு. பாடு."

"அதுக்கு முன்னாடி ஒரு..."

"மழை. தெரியும். பாடு."

பாடினார். மூன்றாவது கண்ணியில் குரல் உடைந்தது, அவர் பயந்த அதே இடத்தில். வானம் இடிந்து விழவில்லை. மேவிஸ் கம்பளியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி அடிக்குச் சேர்ந்துகொண்டாள். இந்தப் பாட்டு தனக்கு முழுசாகப் பிடித்திருக்கிறது என்று அவரிடம் அவள் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் கன்னத்தைத் தட்டினாள்.

எங்கேயோ ஒரு ஹொரேஸ் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். "உப்பு கொஞ்சம் தூக்கலாயிருக்கும், அவசரமா வச்சது, கேஸ் வேற தீர்ந்துபோச்சு" என்று சொல்லாமல் யாருக்காவது குழம்பு ஊற்றியிருக்கிறீர்களா? "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போனில் ஆரம்பித்து, கூப்பிட்ட காரணத்தைச் சொல்லாமலே வைத்ததில்லையா? மன்னிப்பு, நன்றி, ஆசை, எத்தனை பாட்டுகள் உங்கள் முன்னுரையிலேயே நின்றுபோயிருக்கின்றன? இன்று வீட்டில் எதையாவது சொல்ல ஆரம்பிக்கும்போது எதிரில் இருப்பவரின் உதட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்களோடு சேர்ந்து அசைகிறதா?