செத்த பாலிசியை எழுப்பிய தூசி அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் காலாவதியான இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு எழுந்து நின்று மரியாதை செய்த ஒரே மனுஷர் எங்கள் தூசி அண்ணாச்சிதான். மந்திரியே வந்தாலும் உட்கார்ந்தபடி தலையாட்டுகிற ஆள். ஓரம் அரித்த பழைய பாலிசி ஒன்றை யாராவது நீட்டினால் போதும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்துவிடுவார்.

வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீஸ். நான் டைப்பிஸ்ட், அவர் குமாஸ்தா. ஊர் நாகர்கோவில் பக்கம். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று வக்கீல் மேடமே ஒருநாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன! கட்சிக்காரர் வீட்டுப் பரணில் எல்லாம் பழைய காகிதம் தேடி ஏறிவிடுவார். இறங்கும்போது தலைமுதல் கால்வரை தூசி. பெயர் வந்தது அப்படித்தான்.

துக்க வீட்டுக்குப் போனால் நாமெல்லாம் "எப்படி ஆச்சு?" என்று கேட்போம். அவர், "பரண்ல பேப்பர் ஏதும் கெடக்கா?" என்பார். ஒரு வீட்டு அம்மா இவரைப் பழைய பேப்பர்காரர் என்று நினைத்து, "தராசு எங்கே?" என்று அதட்டிவிட்டார். அண்ணாச்சி அசரவில்லை. பரணில் கிடந்த பேப்பர்க் கட்டை அப்படியே விலைக்கு வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்து என் மேஜையில் கொட்டினார். தேடியதற்குக் கிடைத்தவை ஒரு சைக்கிள் ரசீதும் இரண்டு கல்யாணப் பத்திரிகைகளும். அதில் ஒரு பத்திரிகை நான் அடித்த மனுவுக்குள் நுழைந்து கோர்ட் வரைக்கும் போய்விட்டது. திட்டு வாங்கியது யார்? நான்தான்.

இந்தக் கிறுக்கால் யாருக்கு என்ன லாபம் என்று நானும் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். செல்வி வரும்வரை.

செல்வி கரமனைப் பக்கம் இட்லி மாவும் இட்லியும் விற்கிறவள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் அவள் அப்பாவின், பாத்திரங்களுக்கு முலாம் பூசுகிற பட்டறை இருந்தது. அதன் தொட்டி விரிசல் விட்டு, ரசாயனத் தண்ணீர் மண்ணில் இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணறுகள் மஞ்சளாகிவிட்டன. அப்பா போய்விட்டார், பட்டறையும் போய்விட்டது, மஞ்சள் மட்டும் போகவில்லை. மண்ணைத் தோண்டி அகற்றிக் கிணறுகளைச் சுத்தம் செய்து தர வேண்டும், செலவு இடத்துக்காரருடையது என்று இப்போது அரசு உத்தரவு. வீட்டை விற்றாலொழிய அவளால் முடியாது. அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேடம் உதட்டைப் பிதுக்கினார். அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்கப்பா பட்டறைக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருந்தாரா மக்களே?"

"போட்டிருப்பாரு. அதெல்லாம் செத்து எத்தனையோ வருஷமாச்சே அண்ணாச்சி."

"செத்துச்சுன்னு நீ எப்படிச் சொல்லுகே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "சிரிக்காதே பிள்ளே. அன்னைக்கு மழையில நனைஞ்சவனுக்கு இன்னைக்குக் காய்ச்சல் வருது. மழை பெய்யும்போது குடை பிடிக்கேன்னு சொன்னவன் யாருன்னுதானே பாக்கணும்? அடுத்தவனுக்கு நம்மால சேதம் வந்தா நான் குடுக்கேன்னு கம்பெனிக்காரன் எழுதியிருப்பான். சேதம் நடந்த வருஷத்துல பாலிசி உசிரோட இருந்தாப் போதும்."

மறுநாள் காலையில் செல்வி வீட்டுப் பரணில் ஏறினார். ஏணி பிடித்தது நான். செல்வியின் அப்பா வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் பட்டறைச் சாமான்களோடு பாலிசியையும் வைத்துச் சந்தனம் தெளிப்பாராம். பூஜைக்கு வைத்த காகிதத்தைக் குப்பையில் போட மனசு வராமல் எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருந்தார். அத்தனை வருஷப் பாலிசிகளும் இருந்தன! ஆனால் சந்தனமும் பூவும் காய்ந்து, தாளெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது.

அண்ணாச்சி இறங்கி நேராக அடுப்படிக்குப் போனார். இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி, கட்டியைத் தட்டில் வைத்து, ஆவி காட்ட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, வெளியே இட்லிக்கு ஆள் நிக்குது, பானை வேணும்."

"பொறு மக்களே, பாலிசி வெந்துக்கிட்டிருக்கு!"

ஒவ்வொரு தாளாகப் பிரிந்து வந்தது. பிந்திய வருஷப் பாலிசிகளில் எல்லாம், 'மாசுக்குக் கம்பெனி பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் இருந்தது. முந்தியவற்றில் அந்தப் பேச்சே இல்லை. அப்படியானால் கிணறு கெட்டது அந்த முந்திய வருஷங்களில்தான் என்று காட்ட வேண்டும்.

அதைக் காட்டக்கூடியவர் பக்கத்து வீட்டு மாஷ். ஓய்வுபெற்ற வாத்தியார். முதலில் மஞ்சளானது அவருடைய கிணறுதான். அன்றைக்கே செல்வியின் அப்பாவுக்குப் புகார் எழுதிக் கார்பன் பிரதியும் வைத்திருந்தார்.

"என் கிணறு நாசமாக்கினவன் மகளுக்கு ஞான் எந்தினு தரணும்? ஏன் தரணும்?" என்று, பிரதியைக் கேட்டதும் சீறினார்.

அண்ணாச்சி வாசலில் நின்றபடியே, "அவளுக்குத் தர வேண்டாம் மாஷே. உம்ம கிணத்துக்குத் தாரும்" என்றார். மாஷ் முறைத்தார். முறைத்துக்கொண்டே உள்ளே போய், தேதி போட்ட பிரதியை எடுத்து வந்தார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மானேஜர் பாலிசியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "சாரே, இது எக்ஸ்பயர் ஆயிட்டு எத்ர வருஷமாயி?"

"பாலிசிதான்வே எக்ஸ்பயர் ஆகும். குடுத்த வாக்கு எப்படிவே எக்ஸ்பயர் ஆகும்?"

ரெக்கார்டு இல்லை என்றார்கள். தகவல் சொன்னது தாமதம் என்றார்கள். மேடம் நோட்டீஸுக்கு மேல் நோட்டீஸ் அனுப்பினார். அண்ணாச்சி செவ்வாய்தோறும் போய் மானேஜர் எதிரில் உட்கார்ந்தார். லென்ஸ் வைத்துப் பாலிசியை முதல் வரியிலிருந்து படிப்பார், அவ்வளவுதான். ஒன்றரை வருஷம்! கடைசியில் மானேஜரே மேலிடத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்கினார். சுத்தம் செய்கிற செலவைக் கம்பெனி ஏற்றது. செல்வி வீடு செல்வியிடமே நின்றது.

மண்ணைத் தோண்டினார்கள், கிணறுகளை இறைத்தார்கள். தண்ணீர் பரிசோதனையில் தேறிய அன்று, மாஷ் கிணற்றுத் தண்ணீரில் செல்வி டீ போட்டாள். ஆனால் யாருக்கும் டம்ளரைத் தொடத் தைரியம் வரவில்லை.

"நான் குடிக்கேன். எனக்கு எதாவது ஆச்சுன்னா கேஸு மட்டும் போட்டுராதீங்க" என்று அண்ணாச்சி டம்ளரை எடுத்தார்.

சண்டையெல்லாம் முடிந்த பிறகு கை அப்படி நடுங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷர் தைரியத்தில் சண்டை போடவில்லை. எங்கே தோற்றுச் செல்வியைத் தெருவில் நிறுத்திவிடுவோமோ என்று ஒன்றரை வருஷமும் பயந்து பயந்துதான் போட்டிருக்கிறார். எல்லாரையும் அதட்டின வாய் டீயை ஊதிக்கொண்டிருந்தது, கண் கலங்கியிருந்தது.

அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதே. "டீ சிந்துது அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி, டம்ளருக்கு அடியில் என் கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.