கொரியா கம்பெனி முழுகவில்லை, சேஷகிரி

மல்லேஸ்வரம், பெங்களூர்
கார்த்திகை மாதக் கடைசி, 2000

சிரஞ்சீவி சேஷகிரிக்கு, உன் அத்திம்பேர் ஸ்ரீகண்டன் மனப்பூர்வமான ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா பாகீரதி, உன் மருமாள் ஸ்னேஹா, நான், காம்பவுண்டில் நிற்கும் கார் ஆகிய நால்வரும் சௌக்கியம். சேலத்தில் நீ, சௌபாக்கியவதி அலர்மேல்மங்கை, உன் கார் ஆகிய மூவரின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். காரைக் குடும்பத்தோடு சேர்த்து எழுதியது விளையாட்டுக்கு அல்ல. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான், ஆகவே கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படிக்கவும்.

உனக்குக் கோபம் என்று எங்களுக்குத் தெரியும். தீபாவளியன்று பேசியதோடு சரி, அப்புறம் பாகீரதி எப்போது போன் செய்தாலும் அலர்மேல் எடுத்து "அவர் குளிக்கிறார்" என்கிறாள். காலையில் செய்தால் குளிக்கிறாய், மத்தியானம் செய்தால் குளிக்கிறாய், இரும்பாலையில் இன்ஜினீயராக இருப்பவனுக்கு அழுக்கு சேரத்தான் சேரும், ஆனாலும் இப்படியா என்று உன் அக்கா முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. வருஷம் தவறாமல் கார்த்திகைக்கு யார் கையிலாவது பொரியும் வெல்லமும் புடவையும் கொடுத்து அனுப்புவாய். இந்த வருஷம் வாசலில் விளக்கு வைத்துவிட்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், எண்ணெய் தீரும்வரை உள்ளே வரவில்லை. தை மாதம் ஸ்னேஹாவுக்குக் கல்யாணம். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க மாமா வேண்டும், அவளுக்கு இருக்கும் ஒரே மாமா நீ. அவளோ சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்த இடத்தில் வேலை பார்ப்பவள், உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடுபவள், வாடகைக்கு ஆள் பிடித்துத் தூக்குகிற எடையும் இல்லை. நீ வரவில்லையென்றால் உன் அக்கா மணவறையில் நிற்பாளே தவிர, மனசு சேலத்தில்தான் இருக்கும். இதற்கெல்லாம் காரணம் நான் சொல்லி நீ வாங்கிய அந்தக் கொரியா கார் என்று நினைக்கும்போது எனக்குச் சாதம் இறங்கவில்லை, அதாவது போன வாரம்வரை இறங்கவில்லை.

நான் ரிடையர் ஆன கையோடு கொரியா கார் வாங்கியது உனக்குத் தெரியும். தெருவே சிரித்தது. நம் தேசத்து வண்டி இருக்கும்போது, ரேடியோவும் வாஷிங் மெஷினும் விற்க வேண்டிய தேசத்தானை நம்பிக் கார் வாங்கலாமா, இது என்ன உயரம், என்ன அழகு, கல்யாண மண்டபத்து பீரோவுக்குச் சக்கரம் வைத்தாற்போல என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் அசரவில்லை. மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையைக் கழற்றாமல் உட்கார முடிகிற வண்டி வேறு எது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு லட்சுமம்மா, நம் வீட்டில் பேட்டா கட்டுகிறவர் யார் என்று கன்னடத்தில் திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதிலாக வண்டி பேசியது. ஏ.சி. போட்டால் ஊட்டி, ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம், மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறிக் கூடை உட்பட எல்லோருக்கும் இடம். அந்தச் சந்தோஷத்தில்தான் ஆறடி உயரமுள்ள உனக்கு இதுதான் வண்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, ஏதாவது ஆனால் என்னைக் கேள் என்று நான்கு பக்கம் எழுதினேன். நீயும் ஆவணியில் வாங்கிவிட்டாய். ஏதாவது ஆனால் என்னைக் கேள் என்று எழுதிய அந்தக் கையை இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளி முடிந்த கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் டி.வி.யில் இங்கிலீஷ் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கொரியாவில் கார் கம்பெனி திவால் என்று செய்தி வாசிக்கிற பெண் ஆரம்பித்தாள். அப்போது பார்த்து பாகீரதி அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள். அவளுக்குத் தெரிந்தால் உனக்குத் தெரியும், உனக்குத் தெரிந்தால் என் மானம் போகும், ஆகவே நான் பாய்ந்து டி.வி.யை அணைத்துவிட்டேன். கொரியா என்பது ஒரு தேசம், அதில் கார் செய்ய ஒரு கம்பெனி இருக்கும், அது என் காருடைய கம்பெனி, அது போய்விட்டது. இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம், ஸ்னேஹாவையே கேட்டிருக்கலாம், ஆனால் கேட்டால் செய்தி வெளியே போகும் அல்லவா? விதான சௌதாவில் நீர்ப்பாசன இலாகாவில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். கெட்ட சேதி உள்ள ஃபைலை யார் மேஜைக்கும் அனுப்பாமல் தன் மேஜையிலேயே வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த நிர்வாகம். மறுநாளிலிருந்து பேப்பரைக்கூட முதல் பக்கம் தாண்டி நான் புரட்டவில்லை.

கம்பெனி போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது என்று முதலில் பயம் வந்தது. கார் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டார், ஒன்றும் இல்லை என்றேன், பிறகு எதற்கு இவ்வளவு சாமான் என்று அவர் கேட்க, நான் பேச்சை மழை பக்கம் திருப்பிவிட்டேன். கிளட்ச் பிளேட், பிரேக் சாமான், பெல்ட், வைப்பர், ஹெட்லைட், கடைசியில் ஒரு முழு சைலன்சர். என் ஆயுசுக்கு ஒன்று போதும் என்று கணக்கு. வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டேனே தவிர வைக்க இடமில்லை, கல்யாணச் சாமான் வைத்திருக்கும் அறையில் சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே போர்வை போட்டு மூடி வைத்தேன். அன்று மத்தியானமே பாகீரதி வெண்கலப் பானையை எடுக்கப் போய்ப் போர்வையை விலக்கியிருக்கிறாள். சைலன்சரைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஏன்னா, இது என்ன? சம்பந்தியாத்துல கேட்டாளா?"

விலை ஏறப்போகிறது, அதனால் வாங்கினேன் என்று சொல்லிச் சமாளித்தேன். நம்பினாளோ இல்லையோ, அதைத் திரும்பப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

அடுத்தது, இந்த வண்டியை வாங்கிய மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விசாரணை. இதே வண்டி வைத்திருப்பவர்களைத் தேடித் தேடிப் பிடித்தேன், திவால் என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல். சாங்கி ஏரியில் நடக்க வரும் ரிடையர்டு பாங்கு மேனேஜர் ஒருவரை ஹோட்டலுக்கு அழைத்துப் போய் ஒன்றை இரண்டாக்கிய பை-டூ காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். வண்டி தங்கம், கரண்ட் போனால் என் சம்சாரம் அதில் போய் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்றார். பிரேசர் டவுனில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சாயபு ஒருவர், வாங்கின நாளிலிருந்து மெக்கானிக் முகத்தையே பார்க்கவில்லை, பாவம், அவன் சௌக்கியமா என்று போய் விசாரிக்க வேண்டும் என்றார். மேக்ரி சர்க்கிள் சிக்னலில் இதே வண்டியில் ஒரு பையன் நின்றிருந்தான், முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன் மாதிரி இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். அவன் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி இரண்டு ரூபாய் நாணயத்தை என் கையில் வைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டான். நான் விடவில்லை, வண்டி எப்படி என்று நாணயத்தாலேயே கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன், அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பச்சை விழுந்ததும் போய்விட்டான். இப்படி ஒருவர் பாக்கியில்லாமல் புகழ்ந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டிற்று. எல்லோரும் ஒரே மாதிரி நல்ல குறிப்பு எழுதியிருந்தால் ஃபைலில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இவர்களுக்கும் சேதி தெரியும், விற்று முடிக்கும்வரை புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அவர்கள் விற்பதற்குள் நாம் விற்றுவிட வேண்டும்.

பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். நம் வீட்டு நம்பர் கொடுத்தால் பாகீரதி எடுப்பாள், அதனால் லட்சுமம்மா வீட்டு நம்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வருகிறார் என்று அவள் மதில் மேலாக ஜாடை காட்டினாள். நான் வண்டியைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்து, புகழ வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கேட்டுக்குப் போனால், லட்சுமம்மாவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்பவர் யார் என்கிறாய்? சம்பந்தி வெங்கடராமன். ஸ்னேஹாவுக்கு மாமனாராகப் போகிறவர். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு நல்ல பழைய வண்டி பார்த்துக்கொண்டிருந்தாராம், விளம்பரத்தைப் பார்த்தாராம், லட்சுமம்மா வீட்டு விலாசத்துக்கு வந்தால் அடுத்தது நம் வீடாம். பாகீரதி, கல்யாணப் பத்திரிகை விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

சேஷு, ஊரார் தலையில் கட்டலாம், சம்பந்தி தலையில் எப்படிக் கட்டுவது? நாளைக்குப் பெண் அந்த வீட்டில் வாழ வேண்டாமா? வண்டி நடுத்தெருவில் நின்றுபோய், பார்ட்ஸ் இல்லாமல், உங்கப்பா எங்களை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வார்த்தை யாராவது சொன்னால் என்ன ஆகும்? அவரைக் காருக்குப் பின்னால் அழைத்துப் போய், கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இதை வாங்கக் கூடாது, கம்பெனி திவாலாகிவிட்டது, நானே பயந்து பார்ட்ஸ் வாங்கி அடுக்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"செய்தியை முழுக்கக் கேட்டேளா?"

"இல்லை, அணைச்சுட்டேன்."

"கொரியாவுல கார் கம்பெனி ஒண்ணுதான்னு உமக்கு யார் சொன்னா? திவாலானது வேற கம்பெனி. உம்ம கம்பெனி ஜம்முனு நடக்கறது. இல்லேன்னா இந்த வண்டிக்கு நான் ஏன் ஓடி வரேன்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பம்பரில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ எடுத்தாற்போல இருந்தது, வாய்விட்டுச் சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர். பாகீரதி காபியோடு வந்து, என்னைப் பார்த்துக் கல்யாணம் நின்றுவிட்டதோ என்று தம்ளரைக் கீழே போட்டாள். சம்பந்தி நிதானமாக, சரி, வதந்திதான் தீர்ந்ததே, விலையைப் பேசலாமா என்றார். அப்போது எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "பெண்ணைத் தரேன்னு வாக்குக் கொடுத்தாச்சு, தந்துடறேன். காருக்கு வாக்குக் கொடுக்கலை, தர மாட்டேன்" என்றேன். நல்லவேளை, மனிதர் சிரித்துவிட்டார். புதிதாகவே ஒன்று வாங்கிக்கொள்கிறேன், ஆனால் உங்கள் பார்ட்ஸ் கிடங்கை எனக்கும் திறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பாகீரதியை உட்கார வைத்து சம்பிகே ரோட்டில் ஒரு சுற்று, ஏரியைச் சுற்றி ஒரு சுற்று, எங்கும் நிற்காமல் வந்தேன். ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டுக் குழந்தை மாதிரி தூங்கினேன்.

ஆகவே சேஷகிரி, உன் வண்டியும் பத்திரம், என் வாக்கும் பத்திரம். நீயும் அந்தச் செய்தியைப் பாதி கேட்டுவிட்டு என்மேல் கோபமாக இருக்கிறாய் என்றால், மீதி இதுதான். நான் உனக்குச் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்றமில்லை, நான் அந்த வண்டியை ஒரு நாளும் கைவிட்டதில்லை, சம்பந்தி விஷயத்தைத் தவிர. குளித்தது போதும், ஈரம் துவட்டிக்கொண்டு, குடும்பத்தோடு அந்தக் காரிலேயே தொப்பூர் மலைப்பாதை ஏறி வந்து சேர். உன் அக்கா வாசலில்தான் இருக்கிறாள். அலர்மேலுக்கு எங்கள் ஆசீர்வாதம், உன் தோளுக்கு இப்போதிலிருந்தே நல்லெண்ணெய் தேய்த்து வரவும்.

இப்படிக்கு உன் நன்மையையே நாடும்
அத்திம்பேர் ஸ்ரீகண்டன்

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போது கேட் சத்தம் கேட்டது. நீதான். காரில் இல்லை, பஸ்ஸில் வந்து, ஆட்டோவில் இறங்கி, ஒரு கையில் பொரி மூட்டை, ஒரு கையில் புடவைப் பையோடு உள்ளே வராமல் நின்றாய். பாகீரதி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். நீயும் அழுதுகொண்டே சொன்னாய்: "அக்கா, அத்திம்பேர் மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருந்தது. கொரியாக் கம்பெனி போயிடுத்துன்னு டி.வி.யில கேட்டதும், மீதியைக் கேக்காம வண்டியை வித்துட்டேன்." பிறகு போர்டிகோவில் என் காரைப் பார்த்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து அதன் கதவைத் தடவிக்கொண்டு, "நீங்க விக்கணும்னு நெனைக்கவே இல்லையா அத்திம்பேர்?" என்று கேட்டாய். நான் கம்பீரமாக, "எதுக்குடா விக்கணும்?" என்று சொல்லிவிட்டேன். பாகீரதி என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் தம்பி வந்த சந்தோஷத்தில் அடை வார்க்கப் போய்விட்டாள். இப்போது நீ கூடத்தில் மூன்றாவது அடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய், நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுக்கப் போவதில்லை. சுருட்டி அந்தப் புது சைலன்சருக்குள் செருகி வைக்கிறேன். என் வண்டிக்கு சைலன்சர் மாற்ற வேண்டிவருகிற அன்றைக்கு நீ எடுத்துப் படித்துக்கொள்.