பச்சை வயலில் பச்சைத் துண்டு

கடைமடைக்குத் தண்ணீர் போவதற்கு முன்னால் விழிப்புணர்வு போய்ச் சேர வேண்டும் என்று மேலிடம் கருதியது. எனவே நன்னிலம் பக்கத்து விவசாயிகளுக்காக ஒரு வீடியோ கேம் தயாரிக்க ஆணை பிறந்தது. அதில் விவசாயி வயலைக் கடந்து போய் மதகைத் திறக்க வேண்டும். தொடக்க விழாவில் அவன் திறந்துவிட்டால் அந்த நிமிடமே நிஜ மதகும் திறக்கப்படும் என்று பொறியாளர் வீரமணி வாக்களித்தார்.

விவசாயிகள் சங்கத் தலைவர் நீலமேகத்துக்கு அது போதும். சாலை மறியலுக்கும் ரயில் மறியலுக்கும் திறக்காத மதகு விரலுக்குத் திறக்குமென்றால் விரலைக் கொடுக்க வேண்டியதுதான். சம்பா தொண்டைக்கதிரில், கதிர் வெளிவரும் தறுவாயில் நிற்கிறது, தரையோ வெடித்துவிட்டது. கேமுக்கான ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்தார்.

முத்துப்பேட்டையிலிருந்து வந்த வடிவமைப்பாளர் இர்ஃபானா மடிக்கணினியைத் திறந்தாள். திரை முழுக்க பச்சை வயல்.

"விவசாயி எங்கம்மா?" என்று தேடினார் நீலமேகம்.

"அதோ நடந்து போறாரே ஐயா. வயலும் பச்சை, துண்டும் பச்சை, அதான் ஆள் கரைஞ்சு போறாரு. பின்னணியும் ஆளும் வேற வேற நிறமா இருந்தாத்தான் எடுப்பாத் தெரியும். துண்டைச் சிவப்பாக்கிடட்டா?"

"சிவப்பு எதிர்ச் சங்கத்துக்காரன். நான் என்ன சங்கம் மாறிட்டேனா?"

"மஞ்சள்?"

"அது ஒரு கட்சி."

"நீலம்?"

"அதுவும் கட்சிதான்."

"காவி?"

"ஏம்மா, நான் ஊருக்குள்ள போக வேணாமா?"

"கறுப்பு?"

வீரமணி பதறினார். "அமைச்சர் வர்ற விழாவுல கறுப்பா!"

"வெள்ளை?"

"அது அதிகாரி பாத்திரத்துக்கு ஒதுக்கியாச்சு."

தமிழ்நாட்டில் சொந்தக்காரன் இல்லாத நிறம் ஒன்றும் மிச்சமில்லை என்பதை இர்ஃபானா அன்றுதான் அறிந்தாள்.

"அப்ப வயலைக் காய்ஞ்ச பழுப்பாக்கிடுறேன் சார். அவர் பளிச்சுன்னு தெரிவாரு."

"டெல்டாவுல காய்ஞ்ச வயலா? கடைமடை வரைக்கும் செழிப்புன்னு அறிக்கை குடுத்திருக்கோம்!"

"வெளியில வெடிச்சுக் கிடக்கே சார்?"

"வெளியில கிடக்கலாம். திரையில கிடக்கக் கூடாது."

"ஆளைச் சுத்தி ஒரு கோடாவது போடுறேனே?"

இப்போது நீலமேகம் எழுந்துவிட்டார். "கோடு போட்டு எங்களை ஒதுக்கி வைக்கிறீங்களா?"

வயலும் பச்சை, துண்டும் பச்சை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதிகாரிக்கு மட்டும் சட்டை, ஜீப்பு, பல் எல்லாம் வெள்ளை.

விழாவில் அமைச்சர் முன்னிலையில் நீலமேகம் விளையாட உட்கார்ந்தார். பெரிய திரையைப் பார்த்து ஊரே கத்தியது.

"இடப்பக்கம் தலைவரே!"

"இல்ல, வரப்புல நிக்கிறான்!"

"யோவ், அது கொக்குய்யா!"

விவசாயி அகப்படவில்லை. வேறு பாத்திரத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது திரை. நீலமேகத்தின் விரல் சற்றுத் தயங்கி, வெள்ளைச் சட்டையைத் தொட்டது. ஆகா, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறான்! சொன்ன பக்கம் போனான். ஜீப்பில் ஏறினான். நாற்காலியில் நீலமேகமும் தம்மையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திடீரென்று பச்சைக்கு நடுவே ஒரு மனு அந்தரத்தில் நீண்டது. 'மதகைத் திறக்க வேண்டும்.' நீட்டியவனைக் காணோம். கீழே இரண்டு பொத்தான்கள்: 'நாளை வரவும்', 'மனுதாரர் இல்லை, தள்ளுபடி'.

"ஆளே இல்லியே தலைவரே! தள்ளுபடி பண்ணுங்க!" என்றது கூட்டம்.

பண்ணினார். திரையில் பூ கொட்டியது. 'வெற்றி' என்று எழுத்து மின்னியது. ஊர் கைதட்டியது. வீரமணி ஓடி வந்து கையைக் குலுக்கினார்.

"இப்பவாவது எங்க கஷ்டம் புரியுதா தலைவரே?"

நீலமேகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த மனுவை அனுப்பச் சொல்லுங்க சார்."