ஓர் அறைக்கு நாலு பேர்

கினிப்பன்றிகளை வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா என்ற விவாதத்தில் பாலகுரு வீட்டில் காலைச் சாப்பாடு ஆறிப்போனது.

"வெளியதான் வைக்கணும். மூத்திர வாடை குடலைப் புடுங்குது" என்றாள் செல்வலட்சுமி.

"வெளிய வச்சா பனியில செத்துரும்னு முதலாளியம்மா சொன்னாக."

"எந்தப் பனி? எம். புதுப்பட்டியில என்னைக்குப் பனி பேஞ்சு நீங்க பாத்தீக?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மார்கழி பிறந்து மூன்று நாளாகியிருந்தது. விடியும்போது வண்டி சீட்டில் லேசாக ஈரம் இருக்கும். எட்டரை மணிக்கெல்லாம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கத்துக் குளிர்காலம் அவ்வளவுதான்.

கூண்டில் ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. வாலும் கிடையாது, கழுத்தும் கிடையாது. தெருவில் பாதிப் பேர் சீமை எலி என்றார்கள், மீதிப் பேர் காதறுந்த முயல் என்றார்கள். பட்டாசுக் கம்பெனி முதலாளியின் பேத்தி தீபாவளி லீவுக்குச் சென்னையிலிருந்து கொண்டுவந்தவை அவை. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சிவகாசி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

கம்பெனியில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்க, முதலாளியம்மா பாலகுருவைத்தான் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பனிக்கு ஆகாதாம் பாலகுரு. வெளிய வச்சா ரெண்டு நாளு தாங்காதாம். ஒன் வீடு வேற ஓட்டு வீடு. பாத்துக்கோ. அதுக ஆயுசு அம்புட்டுத்தான்னு ஆனாலும் ஒன்ன நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன்."

அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாலகுரு கூண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

தை பிறந்தால் கம்பெனிக்குப் புது போர்மேன் போடப்போகிறார்கள். பதினெட்டு வருடமாக மருந்து அறையில் வெடிமருந்துக் கலவை போடுகிறவன் பாலகுரு. எத்தனை சோப்புப் போட்டாலும் அலுமினியப் பொடி காது மடிப்பில் மினுங்கிக்கொண்டிருக்கும். போர்மேன் ஆகிவிட்டால் மருந்தைத் தொட வேண்டாம். அறை அறையாகப் போய் மேற்பார்வை பார்த்தால் போதும். கம்பெனி வேன் திரும்பி மறைகிற வரைக்கும் செல்வலட்சுமி தினமும் வாசலில் நிற்பாள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை எங்கே சத்தம் கேட்டாலும் அவள் கையிலிருப்பது கீழே விழும். அந்த வீட்டில் உடையாத கண்ணாடி டம்ளர்கள் குறைவு.

அதே மருந்து அறையில் வேலை பார்க்கும் கருப்பணனும் அந்த வேலைக்குக் கண் வைத்திருந்தான். ஆனால் முதலாளியம்மா அவனைக் கூப்பிடவில்லையே!

"இது பரீட்சை. ரெண்டு உசுரப் பாத்துக்கிட்டா நூறு உசுரப் பாத்துக்குவான்னு கணக்குப் போடுதாக" என்றான் பாலகுரு.

செல்வலட்சுமி அதற்குப் பிறகு வாடையைப் பற்றிப் பேசவில்லை.

முதல் நாள் கூண்டை வாசல் தகரக் கொட்டகையில் வைத்தார்கள். எதிர்வீட்டு முத்துப்பேச்சியின் பூனை அதன் முன்னால் சாமி கும்பிடுவதுபோல் உட்கார்ந்து, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஆகவே கூண்டு வீட்டுக்குள் போனது.

வீட்டுக்குள் ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று வந்தது. பாலகுரு ஏறி இடுக்கையெல்லாம் சாக்குத் துணியால் அடைத்தான். ஜன்னலுக்கும் சாக்குக் கட்டினான். கீழே விரிப்பதற்குச் சிவகாசி அச்சாபீஸ் ஒன்றிலிருந்து இரண்டு மூட்டை காகிதக் கழிவு வாங்கி வந்தான். முத்துப்பேச்சி வாசல் தெளிக்கிற சாக்கில் மூட்டைகளை எண்ணிக்கொண்டாள்.

"என்ன கொழுந்தனாரே, காயிதமெல்லாம் வருது?"

"ஒண்ணுமில்ல மதினி. வீட்டு உபயோகத்துக்கு."

வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மூட்டைக் காகிதம்! முத்துப்பேச்சி மீதித் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டு நின்றாள்.

ஜன்னலை அடைத்ததில் வீடு இருட்டாகிவிட்டது. செல்வலட்சுமி செல்போனில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணியைக் கண்டுபிடித்தாள். அந்தம்மாள் கம்பளித் தொப்பி போட்டு, முழங்கால் அளவு பனியில் நின்று கினிப்பன்றி வளர்ப்பதைப் பற்றிப் பேசினாள். மொழி புரியவில்லை. ஆனால் கூண்டுக்கு மேலே ஒரு விளக்கு தொங்குவது தெரிந்தது. அன்றைக்கே நூறு வாட்ஸ் குண்டு பல்பு வந்தது.

பல்பு எரிந்தபோதுதான் பாலகுருவின் உடம்பு வேறு விதமாக விழித்துக்கொண்டது.

கீழே காகிதம், மேலே சூடு. பதினெட்டு வருடத்தில் சட்டைப் பையில் தீப்பெட்டி வைத்தறியாதவன். கோவில் சூடத்தைக்கூட ஓர் எட்டுத் தள்ளி நின்று கும்பிடுகிறவன். அவனால் உட்கார முடியவில்லை. வாசலில் மணல் வாளி இரண்டு வைத்தான். சிவப்புப் பெயின்ட்கூட அடித்தான். ஒரு டிரம் தண்ணீர் பிடித்து வைத்தான். மருந்து அறைக்குள் போகிறவர்கள் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்குத் தொட்டுவிட்டுப் போகிற செம்புத் தகடு ஒன்றை நிலைப்படியில் அறைந்தான்.

"தொட்டுட்டு உள்ள போ" என்றான் மனைவியிடம்.

"என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கா?"

"நைலான் சேலையா அது? மாத்து. காட்டன் கட்டு."

அடுத்துத்தான் ஆள் கணக்கு வந்தது. எந்த அறையிலும் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். பாலகுரு வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அவன், அவள், இரண்டு பிள்ளைகள் என்று சரியாக நாலு. கினிப்பன்றிகளோடு ஆறு.

"எலியையும் ஆள் கணக்குல சேக்கணுமாக்கும்?"

"உசுருன்னா உசுருதான் லட்சுமி" என்றான் அவன். அதைச் சொன்னபோது முகத்தில் சிரிப்பு இல்லை. மருந்து அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர் இருந்த ஒரு நாளை அவன் பார்த்திருந்தான். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

ஆகவே பிள்ளைகள் உள்ளேயும் புருஷன் பெண்டாட்டி தகரக் கொட்டகையிலுமாகப் படுக்கை மாறியது. கினிப்பன்றிகள் கதகதப்பில் மக்காச்சோளத் தோகை தின்று கொழுத்தன. பாலகுருவுக்கு இருமல் வந்தது.

பதினைந்தாம் நாள் வெள்ளை கினிப்பன்றி மூன்று குட்டி போட்டது. பிறந்த அரை மணியில் குட்டிகள் கண்ணைத் திறந்து ஓடின. உள்ளே ஏழு பேராகிவிட்டதால் பிள்ளைகளும் கொட்டகைக்கு வந்தார்கள். அப்போதும் ஐந்து. தகப்பன் பன்றியைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு அடுப்படிக்கு மாற்றியதும்தான் பாலகுரு மூச்சு விட்டான்.

இப்போது தெரு என்ன பார்த்தது? ஜன்னல் முழுக்கச் சாக்கு. பகலிலும் உள்ளே வெளிச்சம். மூட்டை மூட்டையாகக் காகிதம். வாசலில் சிவப்பு மணல் வாளி, செம்புத் தகடு. குடும்பமே வெளியே படுக்கிறது. பட்டாசு ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டுக்குள் வைத்துத் திருட்டுத்தனமாக வெடி சுற்றுகிறார்கள். அப்படிச் சுற்றிய வீடுகள் சில சுவர்கூட மிச்சமில்லாமல் போயிருக்கின்றன. அதனால் யாரும் சிரிக்கவில்லை. பேசாமல் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. முத்துப்பேச்சி தான் இல்லை என்று மாரியம்மன் பேரில் சத்தியம் செய்தாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு வருவாய் ஆய்வாளர் இரண்டு போலீசாரோடு வந்தார். ஜீப் நூறடி தள்ளியே நின்றது. தெருவைக் காலி செய்யச் சொல்லி, செல்போன்களை அணைக்கச் சொல்லி, அடி மேல் அடி வைத்து வந்தார்.

இருமலால் வேலைக்குப் போகாமல் கொட்டகையில் படுத்திருந்த பாலகுரு பதறி எழுந்தான். "ஐயா, செம்புத் தகட்டத் தொட்டுட்டு வாங்க."

ஆய்வாளருக்கு வேர்த்துவிட்டது. "உள்ள எத்தனை பேரு?"

"அஞ்சு பேருங்கய்யா. சட்டம் நாலுதான்னு ஒருத்தர அடுப்படிக்கு மாத்திட்டேன்."

"அடுப்படிக்கா!"

"அடுப்பு பத்த வைக்கிறதில்லங்கய்யா. ரெண்டு வாரமாச் சோறு கொட்டகையிலதான்."

"அதுல சின்னப் பிள்ளைக உண்டா?"

"மூணு. பொறந்து நாலு நாளாச்சு."

போலீஸ்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கதவைத் திறந்தார்கள். பல்பு வெளிச்சத்தில் நாலு பேர் மக்காச்சோளத் தோகையை மென்றபடி ஆய்வாளரைப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் மணல் வாளியைப் பார்த்தார், தண்ணீர் டிரம்மைப் பார்த்தார், தகட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குய்யா இவ்வளவும்?"

"கீழ காயிதம் கெடக்கு, மேல சூடு இருக்குல்லங்கய்யா."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "நான் பாத்த கம்பெனியெல்லாம் இந்த லட்சணத்துல இருந்தா, நான் பாட்டுக்கு ஆபீஸ்ல உக்காந்திருப்பேன்" என்றார். வேடிக்கையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அவர் போய்விட்டார். ஆனால் 'பாலகுரு வீட்டில் ரெய்டு' என்ற சேதி மட்டும் அவருக்கு முன்னாலேயே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரெய்டில் அகப்பட்டது என்ன என்ற மிச்சச் சேதியைக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை.

"வேலைக்கே ஒல வச்சிருவாகளோ?" என்றாள் செல்வலட்சுமி.

"எலி அஞ்சையும் நேர்ல பாத்தா அம்மாவுக்குப் புரிஞ்சிரும்" என்றான் பாலகுரு. அவனுக்கு இருமலில் குரல் போயிருந்தது.

போகிக்கு முந்தின நாள் காலையில் இருவரும் சிவகாசிக்குப் புறப்பட்டார்கள். அவள் மடியில் கூண்டு, அவன் வண்டியின் முன்னால் குட்டிகள் இருந்த கட்டைப்பை. வழி முழுக்க, வேகத்தடை வரும்போதெல்லாம் அவன் இறங்கி வண்டியைத் தள்ளினான்.

முதலாளியம்மா வாசலுக்கு வந்தார். கூண்டைப் பார்த்தார்.

"இதுக... இருக்கா?"

"கூடுதலாவே இருக்கும்மா" என்றான் பாலகுரு பெருமையாக. பையைத் திறந்து காட்டினான். "மூணு குட்டி!"

அம்மா இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி வரும் என்று செல்வலட்சுமி நினைத்தாள்.

"ஒரு நாளு பனியில விடலம்மா. நாங்கதான் வெளிய கெடந்தோம்."

"தெரியுது" என்றார் அம்மா.

"ரெய்டுன்னு கேள்விப்பட்டிருப்பீக. அது வந்து..."

"அது கெடக்குது விடு. ஐயா அந்த ஆபீசர்கிட்டப் போன்ல பேசிட்டாக."

பாலகுருவுக்கு உயிர் வந்தது. மனைவியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "அப்ப அந்த போர்மேன் வேலைம்மா..."

"அது கருப்பணனுக்குன்னு முந்தாநாளே சொல்லியாச்சு. நம்பிக்கையான ஆளு. நீ பழையபடி மருந்து அறையிலேயே இருந்துக்கோ." அம்மா கூண்டைப் பார்க்காமல் பேசினார். "அதக் கொல்லைப்பக்கம் வச்சிட்டுப் போங்க. பிள்ளை நாளைக்கு வந்துரும்."

செல்வலட்சுமி காலிப் பையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே நடந்தாள். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் கண்ணுச்சாமியிடம்தான் பாலகுருவுக்கு வாய் வந்தது.

"பதினெட்டு வருசம் அண்ணாச்சி. ஒரு மாசம் பனியில கெடந்து அஞ்சு உசுரக் காப்பாத்தியிருக்கேன். கருப்பணன்கிட்ட அப்படி என்னத்தக் கண்டு நம்புனாக?"

கண்ணுச்சாமி வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன கோடை லீவுக்குப் பேத்தி விட்டுட்டுப் போன ரெண்டு முயலையும் அவன்கிட்டத்தாம்லே குடுத்தாக, மூணாம் நாளே 'போய்ச் சேந்துருச்சும்மா'ன்னு கண்ணத் தொடச்சிக்கிட்டு வந்து நின்னான், அன்னைக்குத்தான் அம்மா நிம்மதியா ஒரு வாய் காப்பி குடிச்சாக."