கப்பலண்ணையின் உறவுமுறை

உலகத்தில் ஒருவரையும் அந்நியராகப் பார்க்கத் தெரியாத ஒரே மனிதர் ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கம். எங்கள் மாணவர் விடுதியின் மூன்றாம் மாடி. யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரர். எல்லோருக்கும் கப்பலண்ணை.

புதிதாக யார் வந்தாலும் சமையலறையில் மடக்கி, "உங்கட ஆக்கள் எந்தக் கப்பலில வந்தவை?" என்பார். நாகூர்க்காரனான என்னிடமும் கேட்டார்.

"நான் பிளேன்ல வந்தேன் அண்ணே."

"அதுக்கு முதல்?"

அவர் கணக்கில் இலங்கைக்கு வராதவர் கிடையாது. அரபுக்காரர் குதிரையோடு, ஒல்லாந்தர் சட்டப் புத்தகத்தோடு, மலாய்க்காரர் தொதல் இனிப்போடு, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பசியோடு.

"ஆர் முதல் வந்தவை எண்டு கேட்டாத்தான் சண்டை. எந்தக் கப்பல் எண்டு கேளுங்கோ, தேத்தண்ணி வரும்."

மழை பெய்தால் பேச்சு நின்றுவிடும். கடலே இல்லாத ஊரில் ஜன்னலோரம் நின்று, நனைந்த தெருவில் விளக்கோடு மிதந்து வரும் பேருந்துகளைப் பார்த்து, "அந்தா, ஒண்டு கரை சேருது" என்பார். சிரிப்பேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் உப்புக்காற்று அடிப்பது போலிருக்கும். தொற்றக்கூடிய கிறுக்கு அது.

ஆய்வை முடிக்க இன்னும் ஆறு மாதம் தேவை என்ற நிலையில் விடுதியில் அவர் தங்கும் தவணை முடிந்தது. முகவரி இல்லாமல் விசா நீளாது; நாலு வருட உழைப்பும் பாழ். நான் அப்போது தனி அறைக்கு மாறியிருந்தேன். அங்கே என்னோடு குடும்பத்தார் மட்டும்தான் தங்கலாம் என்பது ஒப்பந்தம். அதற்கு என்ன செய்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், விசா நீட்டிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போன வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்னைக் காட்டி, "இவர் என் தம்பி" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டார். நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாத பேச்சு.

அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் விரித்தார். ஒன்று இலங்கை, ஒன்று இந்தியா. ஒன்றில் முருகன் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர்.

"எப்படி?"

கப்பலண்ணை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குதிரையிலிருந்து தொடங்கினார். அரை மணி நேரம். பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இவர் உங்கள் அண்ணனா?"

பொய்யென்று தெரிந்தால் என் விசாவும் போகும். கப்பலண்ணையோ என் பக்கம் திரும்பவே இல்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"ஆமாம்" என்றேன்.

இன்னொரு அரை மணி நேரத்துக்கு அதிகாரிக்குத் தெம்பில்லை போலும். முத்திரை விழுந்தது.

வெளியே வந்து, "என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே அண்ணே" என்றேன்.

"எது பொய்?" என்றார், நிஜமாகவே விளங்காமல்.

வீட்டுக்கு ஒரே பிள்ளை நான். அந்த ஆறு மாதம் எனக்கு அண்ணன் இருந்தார்.